குளத்துச் சேற்றில் பத்து காலை, கோடியக்கரையில் ஒரு நாள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பிப்ரவரியில் ஒரே ஒரு நாள் கோடியக்கரை போய்க் கரைப்பறவைகள் பார்க்கலாம் என்று எண்ணம். போன வருடம் போனபோது எல்லாமே ஒரே சாம்பல் குருவியாகத் தெரிந்தது. ஒரு நாள் போதுமா? பைனாகுலர் எது வாங்கலாம்? ஏழு வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

ஒரு நாள் போதுமுங்க. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் பத்து காலை வேண்டும். அதற்காகக் கோடியக்கரையில் ரூம் போட வேண்டாம். உங்கள் ஊர் எல்லையில், கூலிபாளையம் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளமே போதும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போல ஆர்வக்கோளாறில் கிளம்பியவன்தான். டிசம்பர் மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரம். நாங்கள் மூன்று பேர் வாடகைக் காரில் காங்கேயம், கரூர், திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். சேறு என்று ஒரு கைப்பிடி வெளியே தெரியவில்லை. தூரத்தில் கானலில் ஏதோ புள்ளிகள் நெளிந்தன. கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தது நெடுங்கால் உள்ளான் மட்டும். அது எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வருடம் பூராவும் நிற்கிற பறவை. திரும்பி வரும் வழியெல்லாம் கூட வந்த இருவரும் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த மாசியில் நஞ்சராயன் குளத்துக் கரையில் நின்று நடுத்தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நடுத்தண்ணில என்னத்தத் தேடறீங்க? அந்தக் குட்டிக் குருவிங்க தண்ணி வத்துன பக்கந்தான மேயுமுங்க. தண்ணி எவ்வளவு நவுந்துருக்குன்னு பாருங்க, குருவி அங்க நிக்கும்." நான் படித்த புத்தகம் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கரைப்பறவை பார்ப்பது என்றால் முதலில் தண்ணீரின் விளிம்பைப் பார்ப்பது. இந்தப் பறவைகளுக்கு நீந்துகிற பழக்கம் குறைவு, மரத்தில் அடைகிற பழக்கமும் குறைவு. ஈரச் சேறும், அதன் மேல் ஒரு விரல்கடையிலிருந்து ஒரு சாண் வரை தண்ணீரும் இருக்கிற அந்தக் குறுகிய பட்டைதான் அவற்றின் சோற்றுத்தட்டு. யார் எங்கே நிற்க முடியும் என்பதைக் காலின் நீளம் முடிவு செய்கிறது. எவ்வளவு ஆழத்துப் புழுவை எடுக்க முடியும் என்பதை மூக்கின் நீளம் முடிவு செய்கிறது. கொசு உள்ளான் பாதம் நனைகிற இடத்தில் ஓடும். பொறி உள்ளான் முட்டி வரை இறங்கும். பச்சைக்காலியும் பவளக்காலியும் அதற்கு அப்பால். நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் இன்னும் ஆழத்தில். ஆக, ஒரு பறவை எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்று பார்த்தாலே அடையாளம் பாதி முடிந்தது. நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இவை எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான், அதில் உங்கள் மேல் தப்பே இல்லை.

நஞ்சராயன் குளத்தைப் பற்றி இரண்டு வரி. நல்லாற்றுத் தண்ணீர் வந்து தேங்குகிற பழைய குளம், சுமார் 125 ஹெக்டேர், நம் கணக்கில் 310 ஏக்கர் சொச்சம். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வரித்தலை வாத்து வந்தால் பத்திரிகையில் படம் வரும், கூட்டம் கூடும். உள்ளான் கூட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை, நமக்கு அது நல்லதுதான். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டுக்கும் 2022-இல் ராம்சார் கிடைத்தது. ஆனால் அது கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் என்று மரத்தில் அடைகிற பெரிய பறவைகளுக்குப் போக வேண்டிய இடம். உள்ளான் பழக நஞ்சராயனும், சூலூர்ப் பக்கத்து நொய்யல் குளங்களும் மேல்.

எந்தக் குளமானாலும் ஒரு நிபந்தனை: கரை சரிவாக இருக்க வேண்டும். கரையை நெட்டாக வெட்டிக் கல் பதித்து, ஆழப்படுத்தி, சுற்றி நடைபாதை போட்ட குளத்தில் தண்ணீர் ஒரு அடி இறங்கினாலும் கல்தான் தெரியும், சேறு தெரியாது. நடைப்பயிற்சிக்கு அருமையான இடம். உள்ளானுக்கு அங்கே ஒன்றுமில்லை. சரிவான கரையில் அதே ஒரு அடி இறங்கினால் பல ஏக்கர் சேறு வெளியே வரும். "அழகு பண்ணின" குளத்தில் பறவை குறைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்வதில் இது ஒரு பெரிய காரணம்.

இப்போது அந்தப் பத்து காலையில் என்ன செய்வது?

வெள்ளென எழுந்து, பொழுது கிளம்பும் முன் கரைக்குப் போய்விடுங்க. கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்க. வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் கொக்குக்கும் காக்காய்க்குமே வித்தியாசம் தெரியாது. ஒன்பதரைக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்துவிடும், அப்போது டிபன் சாப்பிடப் போய்விடலாம்.

முதல் இரண்டு காலை பெயரே வேண்டாம். நடையை மட்டும் பாருங்க. ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்திக் குடும்பம். குட்டை மூக்கு, பெரிய கண். கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற இனம், அதனால்தான் அந்த நிற்பும் ஓட்டமும். நிற்காமல் நடந்துகொண்டே சேற்றுக்குள் மூக்கை விட்டு விட்டு எடுத்தால் உள்ளான் குடும்பம். ஓவர்லாக் மிஷினில் ஊசி இறங்குகிற வேகம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொசு உள்ளான் கூட்டம் மேய்வது அச்சாக அப்படித்தான் இருக்கும். கோரை உள்ளான் இன்னும் ஒரு படி மேல்: அதன் நீள மூக்கின் நுனியில் உணர்வு நரம்புகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுக்குள் புதைந்த நிலையிலேயே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடிக்கும். கண் பார்க்காத வேலை.

மூன்றாவது காலையிலிருந்து மூன்று பறவைகளைப் பிரிக்கப் பழகுங்க. இந்த மூன்றும் பிரிந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

ஒன்று, சாதா உள்ளான். கல் கரையிலோ மதகிலோ பெரும்பாலும் தனியாக நிற்கும். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும். நெஞ்சோரத்துப் பழுப்புக்கும் மடக்கிய இறக்கைக்கும் நடுவே வெள்ளை ஒரு ஆப்பு அடித்தாற்போல் மேலேறியிருக்கும். பறந்தால் தண்ணீரை ஒட்டி, இறக்கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் விறைப்பாக அடித்துக்கொண்டு போகும். பச்சை உள்ளானும் தனிமை விரும்பிதான், ஆனால் முதுகு கருத்திருக்கும். பறக்கும்போது இடுப்பு பளிச்சென்ற வெள்ளை, இறக்கையின் அடிப்பக்கம் கருப்பு. குட்டையிலிருந்து கத்திக்கொண்டே செங்குத்தாக எழுந்தால் அநேகமாக அதுதான். பொறி உள்ளானுக்கும் இடுப்பு வெள்ளை உண்டு. ஆனால் இறக்கையின் அடிப்பக்கம் வெளுப்பு, கால் மஞ்சள், கண்ணுக்கு மேல் நீள வெள்ளைப் புருவம், முதுகு முழுக்கப் புள்ளி. ஐந்தாறாகச் சேர்ந்து மேயும். குழப்பம் இந்த இரண்டுக்குள்தான் வரும். பறக்கும்போது அடி இறக்கையைப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதற்காகச் சண்டை போடாதீங்க. பவளக்கால் என்று ஒரு புத்தகம் நெடுங்கால் உள்ளானைச் சொல்லும், இன்னொன்று வேறொரு பறவையைச் சொல்லும். நான் பவளக்காலி என்று சொல்வது செம்மஞ்சள் நிறக் காலும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டையும் உள்ள நடுத்தர உள்ளானை. நெடுங்காலுக்குக் கால் ரோஸ் நிறம், உடம்பு கருப்பு வெள்ளை, குச்சியில் நடப்பது மாதிரி நடை. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

கொசு உள்ளானிலும் இரண்டு உண்டு. கால் கருப்பாக இருந்தால் கொசு உள்ளான். கால் மஞ்சள் பச்சையாக இருந்து, எலி மாதிரி பதுங்கிப் பதுங்கி மேய்ந்தால் பச்சைக்கால் கொசு உள்ளான். இரண்டாவதைப் பார்க்கக் கடற்கரையை விட நம் நல்ல தண்ணீர்க் குளங்களே பொருத்தம். முதலாவது எடையில் 25 கிராம் முன்பின், அதாவது ஒரு நாமக்கல் முட்டையில் பாதி. அது ஆர்க்டிக் ஓரத்து ரஷ்ய, சைபீரியச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

எப்போது போவது என்பதில்தான் நம் ஊருக்கும் கடலுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் தண்ணீரைக் கொண்டு வருகிறது. நல்ல மழை வருடத்தில் மார்கழி வரை குளம் தளும்பி நிற்கும். வாத்துக்குக் கொண்டாட்டம், உள்ளானுக்கு இடமில்லை. தை பாதிக்கு மேல் தண்ணீர் பின்வாங்க ஆரம்பிக்கும். மாசி, பங்குனியில் சேற்றுப் பட்டை அகலமாகும். பங்குனிக் கடைசியில் இன்னொரு லாபமும் உண்டு: ஊருக்குத் திரும்பும் முன் சில பறவைகள் கல்யாண உடுப்புக்கு மாறத் தொடங்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறம் பூசிக்கொள்ளும். பெரும்பாலானவை சித்திரை பாதிக்குள் கிளம்பிவிடும். நீங்கள் பிப்ரவரி என்று சொன்னது சரியான மாதம். மழை பிந்திய வருடமானால் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்க.

இனி கோடியக்கரை. 1967-இல் சரணாலயமானது, வெளிமானுக்காகத்தான் முதலில் பேர் போனது. 2002-இல் ராம்சார் இடமானது. அதற்குப் பிறகு 2022 வரை தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது. அந்த ராம்சார் பரப்பு வெறும் காடு மட்டுமல்ல. வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து 38,500 ஹெக்டேர். நஞ்சராயன் குளத்தைப் போல முந்நூறு குளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டு வருகிறார்கள். அதனால் காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே என்று உடனே எழுதிக்கொள்ளுங்க. ஊருக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் மாறிப்போகும், எனக்குப் போயிருக்கிறது.

கடல் என்றதும் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது பற்றி யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். வெளிநாட்டுக் கரைகளில் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும், அங்கே மணி பார்த்துப் போக வேண்டும். நம் கோடியக்கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அங்கே சதுப்பில் தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்கு நிறையப் பங்கு. தட்டு மாதிரித் தட்டையான நிலம், அதன் மேல் ஒரு சாண் தண்ணீர். காற்று ஒரு பக்கமாக அழுத்தி அடித்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் சேறு தெரியும். பறவை அங்கே இறங்கும். நேற்றுக் கூட்டம் நின்ற இடத்தில் இன்று ஒன்றும் இல்லையென்றால் காரணம் இதுதான். ஆட்டுக்காரப் பெரியவர் சொன்ன அதே பாடம், பெரிய தட்டில்.

வெள்ளி இரவே கிளம்பி வேதாரண்யத்தில் தங்கிவிடுங்க. அங்கிருந்து கோடியக்கரைக்குத் தெற்கே போகிற ரோடு மணல் மேட்டின் மேல் போகிறது. அகஸ்தியம்பள்ளி தாண்டி மேற்கே பூராவும் உப்பளமும் சதுப்பும். காலையில் ரோட்டோரம் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும், ஊர்க் குளத்தில் பழகிய அதே நிலை. உப்பளப் பாத்திகளுக்குள் கேட்காமல் இறங்காதீங்க, அது வேலை நடக்கிற இடம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டி, சதுப்புப் பக்கம் எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொண்டு போங்க.

முதலில் கண்ணை இழுப்பது பூநாரைதான். பத்து நிமிடம் ஆசை தீரப் பார்த்துவிட்டு, அதன் காலடியில் என்ன ஓடுகிறது என்று பாருங்க. அங்கேதான் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சேர்ந்து திரியும். இரண்டாவது கொஞ்சம் பெரியது, மூக்கு நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும், வயிறு நனைகிற ஆழம் வரை இறங்கும். ஊரில் அபூர்வமாகக் கிடைக்கிறவை இங்கே கூட்டமாக இருக்கும்: மங்கோலிய உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை இல்லை, நீள வளைமூக்குக் கரைப்பறவை), கல்லைப் புரட்டி அடியில் இருப்பதைத் தின்கிற கல்திருப்பி உள்ளான். கரண்டிமூக்கு உள்ளான் என்று உலகத்திலேயே மிகச் சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிற ஒன்றும் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு அந்த நாளை வீணாக்காதீங்க.

திடீரென்று மொத்தக் கூட்டமும் எழும்பினால் கூட்டத்தைப் பார்க்கும் முன் ஒரு நொடி மேலே பாருங்க. சேற்றுப் பூனைப்பருந்தோ வல்லூறோ இருக்கும். அப்புறம் கூட்டத்துக்கு வாங்க. எல்லா இறக்கையும் விரிந்திருக்கிற அந்த அரை நிமிடத்தில் யாருக்கு இடுப்பு வெள்ளை, யாருக்கு இறக்கை ஓரம் வெள்ளை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எண்ண வேண்டுமென்றால் முதலில் ஐம்பதை ஒன்றொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். பனியன் பண்டல் எண்ணுகிறவருக்கு இது கஷ்டமில்லை.

பத்து மணிக்கு மேல் கானல். சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுங்க. சாயங்காலம் சதுப்புக்குத் திரும்பாதீங்க, மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். காட்டுக்குள் புல்வெளிப் பக்கம் போனால் வெளிமானும், காட்டோடு காடாகிப்போன குதிரைகளும் தெரியும். பாலை மரங்களில் 2018 நவம்பர் கஜா புயல் முறித்துப் போட்ட தடம் இன்னும் பல இடங்களில் உண்டு. இருட்டும் முன் கிளம்பினால் ஞாயிறு விடியும் முன் திருப்பூர்.

பைனாகுலர்: 8x42 வாங்குங்க. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று கையடக்கமாக ஏதாவது காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்க. கோடியக்கரைத் தூரத்துக்கு முக்காலியில் நிற்கிற தொலைநோக்கி இருந்தால் அது வேறு உலகம். அதைச் சொந்தமாக வாங்க வேண்டாம், வைத்திருப்பவரோடு சேர்ந்து போங்க. பொங்கலை ஒட்டி நடக்கிற பறவைக் கணக்கெடுப்பிலும், ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டால் அப்படி ஒருவர் கட்டாயம் கிடைப்பார். கேமராவுக்கு அவசரமே இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பாதீங்க. இவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற நேரம் அது. அதே மாதிரி, பங்குனிக்கு மேல் வற்றிய குளத்துக்குள் இறங்கி நடக்காதீங்க. ஆள்காட்டியும் நெடுங்காலும் பட்டாணி உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டை வைக்கும், கூழாங்கல் மாதிரியே இருக்கும். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் அப்படித்தான். தலைக்கு மேல் ஆள்காட்டி விடாமல் கத்தினால், வந்த வழியே பின்னால் வந்துவிடுவது உத்தமம்.

மகளைக் கோடியக்கரைக்கு இந்த வருடம் வேண்டாம். ராத்திரிப் பயணம், வெயில், தூரத்துப் புள்ளிகள், பாவம். குளத்துக்குக் கூட்டிப் போங்க. ஒன்றரை மணி நேரம் தாங்கும், கையில் முறுக்கு இருந்தால் இரண்டு. பெயர் எதுவும் சொல்லித் தராமல் கால் நிறத்தை மட்டும் எழுதச் சொல்லுங்க: கருப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை, சிவப்பு எத்தனை. என் பேத்தியிடம் அப்படித்தான் நோட்டைக் கொடுத்தேன். பவளக்காலி ஒன்று கரையோரம் வந்ததும், "தாத்தா, இது மருதாணி வெச்சிருக்குதுங்க" என்றாள். இப்போது அவள் நோட்டில் அதற்கு அதுதான் பெயர், நானும் மாற்றச் சொல்லவில்லை.